கலப்பைக்குக் கீழே: வைகையிலிருந்து நொய்யல் வரை

புதன் இரவு, திருப்புவனம்

தொல்லியல் முதுகலை படிக்கிற பிள்ளைகள் சிலர் அடுத்த மாதம் முதன்முறையாக அகழாய்வுக் குழியில் இறங்கப் போகிறார்கள். அவர்களுடைய பேராசிரியர் என் பழைய சிநேகிதர். "மண்ணடுக்கைப் படிக்க நான் சொல்லித் தந்துவிடுவேன். அந்த மண் இன்னொருத்தருடைய வயல் என்பதை நீ சொல்லிக் கொடு" என்று என்னை மாட்டிவிட்டார். வேளாண்மை படித்து, விரிவாக்கப் பணியில் ஊர் ஊராகச் சுற்றி, இப்போது சொந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். பானை ஓட்டைக் கண்டால் பானை ஓடு என்று தெரியும், அவ்வளவுதான். கீழடியில் தொடங்கிப் பொருந்தல் வழியாகக் கொடுமணல் வரை போகிறோம். அன்றன்றைக்குப் பார்த்ததை ராத்திரியில் எழுதிப் போடுகிறேன்.

காலையில் கீழடி அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது பக்கத்திலுள்ள தென்னந்தோப்பு. 2014-15-இல் மத்தியத் தொல்லியல் துறை வெட்டத் தொடங்கியதும், 2018-இலிருந்து மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்ததும் பள்ளிச்சந்தைத் திடல் என்கிற தோப்பு மேட்டிலும் அதைச் சுற்றிய பட்டா நிலங்களிலும்தான். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 என்று காலம் காட்டியது பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்த ஆழத்துக்கு இறங்குவதற்கு முன்னால் வருகிற முதல் ஒரு மீட்டரை யார் யார் கலைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். பேச்சே இல்லை.

தென்னங்கன்று நட மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத்தில் குழி எடுப்பார்கள். மரத்துக்கு மரம் 25 அடி விட்டால் ஏக்கருக்கு 70 மரம் வரும். ஆக, ஏக்கருக்கு 70 இடத்தில் மூன்றடி ஆழம் வரை மண் வெளியே வந்து, தொழுவுரமும் மணலும் கலந்து மறுபடி உள்ளே போயிருக்கிறது. பட்டுப்போன மரத்தைத் தூரோடு பெயர்த்துவிட்டால் மேலே அடையாளமே தெரியாது. குழிக்குள் திடீரென்று மண் நிறம் மாறி ஒரு வளையம் தெரிந்தால் சுடுமண் உறை அடுக்கிய பழைய உறைகிணறு என்று துள்ளிக் குதிப்பதற்கு முன்னால், அடுத்திருக்கும் மரவரிசையிலிருந்து 25 அடிக்கு டேப் பிடித்துப் பாருங்கள் என்றேன். சிரித்தார்கள். ஆனால் ஒரு பெண் உடனே எழுந்து டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டாள். தேறிவிடுவாள்.

அவளே இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். 25 அடி என்றால் 7.6 மீட்டர். நான்கு மரங்களுக்கு நட்ட நடுவே 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டால், கட்டத்தின் மூலைக்கும் மரத்துக்கும் நடுவே 1.8 மீட்டர் போல இடைவெளி நிற்கிறது. தென்னைக்கு உரம் வைக்க வெட்டுகிற வட்டப்பாத்தியின் ஆரமும் அதே 1.8 மீட்டர்தான். சாப்பாடு எடுக்கிற வேர் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். 10 மீட்டர் குழியை அப்படியே முழுதாகத் திறந்தால் ஏதாவது ஒரு மரத்தின் வேர் போயே தீரும். தோப்புக்காரர் இதைக் கேட்டுக்கொண்டே மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். "வேரை அறுத்தா அந்த வருசம் குரும்பை கொட்டிப்போகும் தம்பி. மறு வருசமும் சேத்துத்தான். காசு குடுக்குறாங்க, இல்லேங்கல. மரத்துக்கு அது தெரியாதுல்ல" என்றார்.

டீக்கடையில் உட்கார்ந்து காகித வேலை. பட்டா நிலத்தின் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். பத்துக்குப் பத்து மீட்டர் குழி என்பது சரியாக ஒரு ஏர். ஊர்க்கணக்கில் இரண்டரை சென்டுக்குக் கொஞ்சம் குறைவு. "நூறு சதுர மீட்டர் வேண்டும்" என்று கேட்டால் விவசாயி யோசிப்பார். "ரெண்டரை சென்ட்" என்றால் அதில் எத்தனை மூட்டை போகும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார். அடுத்து அடங்கல். எந்தப் புல எண்ணில் எந்தப் பசலியில், அதாவது எந்த வருவாய்க் கணக்கு ஆண்டில், என்ன பயிர் இருந்தது என்பது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் அந்தக் கணக்கில் வரும். பசலி ஜூலை 1-ஆம் தேதி தொடங்கும். கரும்பு போட்ட நிலமா, வாழை போட்ட நிலமா, பல வருடம் தரிசாகக் கிடந்ததா என்று தெரிந்தால் மேல்மண் எவ்வளவு ஆழம் கலைந்திருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். அகழாய்வு அறிக்கைகளில் அடங்கலை யாரும் சேர்ப்பதில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஓசியில் கிடைக்கிற நிலத்தின் சரித்திரம் அது.

பட்டாவில் பெயர் உள்ளவர் மதுரையில் இருப்பார். பயிர் வைத்திருப்பவர் குத்தகைக்காரராக இருப்பார். கையெழுத்து முதலாமவருடையது, நஷ்டம் இரண்டாமவருடையது. இருவரிடமும் பேசாமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

வியாழன் இரவு, திருப்புவனம்

இன்றைக்குக் கொந்தகைப் பக்கம். தாழிகள் புதைத்த ஈமக்காடு ஒரு பக்கம், அறுவடை முடிந்த வயல் ஒரு பக்கம். மாசி மாதம், தாள் காய்ந்து நிற்கிறது.

முதலில் கலப்பைகள். வழியில் ஒரு டிராக்டர் கொட்டகையில் நிறுத்தி ஒவ்வொன்றையும் காட்டினேன். மாடு கட்டி ஓட்டும் நாட்டுக் கலப்பை 10 முதல் 15 சென்டிமீட்டர் போகும். ரோட்டவேட்டரும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஆனால் மண்ணைப் பொடியாக்கிவிடும், அதோடு பானை ஓட்டையும். ஒன்பது கொத்துக் கலப்பை 15, 20. சட்டிக் கலப்பை 20 முதல் 30 வரை இறங்கி மண்ணைப் புரட்டிப் போடும். உளிக்கலப்பை மண்ணைப் புரட்டாமல் 40, 45 வரை கீறிக்கொண்டு போகும். அடியில் இறுகிய தட்டை உடைக்க மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதை ஓட்டச் சொல்லி நானே எத்தனையோ ஊரில் கூட்டம் போட்டிருக்கிறேன். அகழாய்வுக் குழியின் பக்கச்சுவரில் ஒரே சீரான இடைவெளியில் நேர்க்கோடாகக் கீறல் இறங்கினால் அது எந்தக் காலத்துக் கட்டடத்தின் கம்பக்குழியும் ஆகாது.

மேற்பரப்பில் ஓடு பொறுக்கும் ஆய்வுக்கு எது நல்ல நேரம் என்று ஒரு பையன் கேட்டான். கோடை உழவு முடிந்து, சித்திரையில் ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகு. உழவு ஓட்டை மேலே கொண்டுவரும், மழை அதன் மேலிருக்கும் மண்ணைக் கழுவிவிடும். பயிர் எதுவும் இருக்காது, விவசாயியும் முறைக்க மாட்டார். ஆனால் வயலில் ஓடு கிடப்பதாலேயே அங்கே மனிதர் குடியிருந்தார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. கண்மாய் வண்டலை வண்டி வண்டியாக அடித்து வயலில் கொட்டுவது இங்கே பழைய பழக்கம். வீட்டுக் குப்பையும் எருக்குழி வழியாக வயலுக்குத்தான் வரும். குப்பையோடு உடைந்த சட்டியும் வரும். வயல் முழுக்கச் சின்னச் சின்னதாக, முனை மழுங்கி, சீராகச் சிதறிக் கிடந்தால் எருவோடு வந்ததாக இருக்கலாம். ஓரிடத்தில் பெரிய துண்டுகளாக, முனை கூராகக் குவிந்திருந்தால் கீழே ஏதோ உடைபட்டிருக்கிறது. "வண்டல் எங்கேயிருந்து அடிச்சீங்க?" என்கிற ஒரு கேள்வி ஒரு வார வேலையை மிச்சப்படுத்தும்.

வயல்காரர் வரப்பில் ஒரு எலி வளையை மண்வெட்டியால் திறந்து காட்டினார். முழங்கை ஆழத்துக்கும் கீழே கதிர் கதிராக நெல். பொன்னி. இந்த வருட நெல் பழைய மண்ணடுக்குக்குள் போய் உட்கார்ந்திருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். திறந்த மண்ணில் கருகாத நெல் பல நூற்றாண்டு தாங்காது, மட்கிவிடும். அதனால் மஞ்சளாகப் பளபளவென்று ஒரு நெல் கிடைத்தால் எலியைத்தான் சந்தேகப்பட வேண்டும். கருகிய நெல்லுக்கும் முழு நம்பிக்கை கிடையாது. அறுவடைக்குப் பிறகு தாளைக் கொளுத்தினால் சிந்திய நெல் கருகும். களிமண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். கருகிய நெல் அந்த வெடிப்பில் விழும். மழை வந்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும். விழுந்த தடயமே மிஞ்சாது.

சாயங்காலம் ஆட்டு மந்தை ஓட்டி வரும் கீதாரி ஒருவரின் கிடையைப் பார்த்தோம். அறுவடை முடிந்த வயலில் ஆட்டை ராத்தங்க வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். இத்தனை ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி பேசிக் கிடை போடுவார்கள். அகழாய்வு தொடங்குவதும் இதே காலத்தில்தான். வயல்காரர் ஏற்கெனவே கீதாரிக்கு வாக்குக் கொடுத்திருந்தால், குழி போட வருகிறவர்கள் அவருடைய உரத்தைத் தட்டிப்பறிக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார். இன்னொன்றும் உண்டு. மந்தை நகரும்போது முன்னால் போகிற ஆடு எங்கே குதித்தாலும் பின்னால் வருகிறவை அத்தனையும் குதிக்கும். மூன்று மீட்டர் குழியைக் கயிறு கட்டி மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கருவேல முள்ளை வெட்டி நாலு பக்கமும் அடையுங்கள்.

கீழடியில் கிடைத்த எலும்புத் துண்டுகளை புணே டெக்கான் கல்லூரி பார்த்து மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, புல்வாய் மான், காட்டுப்பன்றி, மயில் என்று பிரித்தது. துண்டு எலும்பை வைத்துச் செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரிப்பது கைதேர்ந்தவர்களுக்கே சிரமம். அதைச் சொன்னதும் கீதாரி, "பிரிச்சுத்தான் ஆகணும்ப்பா. வெள்ளாடு கொழை திங்கும், செம்மறி குனிஞ்சு புல்லத் திங்கும். எது கூட இருந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த ஊரு காடா கெடந்துச்சா கழனியா கெடந்துச்சான்னு சொல்லிரலாம்ல" என்றார். பேராசிரியரைப் பார்த்தேன். அவர் குறிப்பேட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளி இரவு, பழனி

பேருந்திலேயே பாதி நாள் போய்விட்டது. பொருந்தல் பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010-இல் இங்கே ஈமச்சின்னங்களைத் திறந்தபோது, நான்கு கால் ஜாடி ஒன்றுக்குள் சுமார் 2 கிலோ நெல் இருந்தது. அந்த நெல்லையே கதிரியக்கக் கரிமக் கணிப்புக்கு அனுப்பி கி.மு. 490 என்று காலம் வந்தது. நேற்று எலி வளையைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த நெல்லின் அருமை இன்னும் நன்றாகப் புரிந்தது. கல்லறைக்குள், ஜாடிக்குள், குவியலாக இருந்த நெல் அது. எந்த எலியும் அதைக் கொண்டுபோய் வைத்திருக்க முடியாது.

சுற்றிலும் நெல், தென்னை, கரும்பு. பிற்பகலில் ஒரு களத்தில் உட்கார்ந்தோம். இப்போது அறுவடை முக்கால்வாசியும் மிஷின்தான். பெல்ட் வண்டி வந்தால் ஒரு மணி நேரத்தில் வயல் காலி. விதைநெல்லுக்கென்று கொஞ்சத்தை மட்டும் கையால் அடித்து வைத்திருந்தார் ஓர் அம்மா. அவர் தூற்றுவதையும் முறத்தில் போட்டுப் பார்ப்பதையும் காட்டச் சொல்லிக் கேட்டோம்.

"இதுல என்ன சாமி படிப்பு இருக்கு?" என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். காற்றில் தூற்றும்போது பதரும் தூசும் முதலில் போயிற்று. தாள்துண்டும் கணுவும் சல்லடையில் நின்றன. முறத்தில் புடைத்தபோது லேசானவை முன்னால் பறந்தன. கொழித்தபோது கல்லும் மண்ணும் ஒதுங்கின. கடைசியாகத் தெள்ளியபோது நெல்லைவிடச் சின்னஞ்சிறு விதைகள் கீழே உதிர்ந்தன. அதற்கப்புறமும் நெல்லின் பருமனே உள்ள களைவிதைகள் நெல்லோடு நின்றன. அவற்றைக் கையால்தான் பொறுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் விழுந்ததைப் பிள்ளைகள் தனித்தனிக் காகிதத்தில் எடுத்து வைத்தார்கள். இதைத்தான் தொல்தாவரவியல்காரர்கள் துருக்கியிலும் கிரேக்கத்திலும் உழவர்களோடு களத்தில் நின்று 1970-களிலும் 80-களிலும் பட்டியல் போட்டார்கள். அடுப்படியில் கிடைக்கும் கருகிய விதைக் கூட்டத்தில் சிறு விதைகள் நிறைய இருந்தால் அது முறத்திலிருந்து உதிர்ந்த கழிவு. தானியத்தின் பருமனே உள்ள களைவிதை கொஞ்சமும் மற்றதெல்லாம் சுத்தமான தானியமும் என்றால், சமைக்கத் தயாராக வைத்திருந்தது தீயில் மாட்டியிருக்கிறது. களைவிதை என்ன களை என்பதும் பேசும். கோரை நிறைய வந்தால் தண்ணீர் நின்ற வயல்.

அந்த அம்மா செய்த வேலை மொத்தம் கால் மணி நேரம். எங்களுக்கு எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கிளம்பும்போது அந்தக் காகிதப் பொட்டலங்களைப் பார்த்து, "குப்பையத் தூக்கிட்டுப் போறீங்க, நெல்லு ஒரு படி எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வழியில் ஒரு சேற்று வயலில் இறங்கி மண்வெட்டியால் ஒரு கொத்து கொத்திக் காட்டினேன். வருடா வருடம் சேறடித்து உழுததில், 15 சென்டிமீட்டருக்குக் கீழே மண் இறுகித் தட்டாகியிருக்கிறது. நெல்லுக்குத் தண்ணீர் நிற்பதே அந்தத் தட்டினால்தான். ஆய்வுக்குழி அதை உடைத்துக்கொண்டு இறங்கும். பிறகு என்னதான் மண்ணைத் தள்ளி மூடினாலும் அந்த இடம் பல போகத்துக்குத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். நெல் வயலில் குழியை மூடும்போது அடிமண்ணை அரையடிக்கு ஒருமுறை நனைத்து, மிதித்து, திமிசு போட்டு ஏற்ற வேண்டும். டோசரை விட்டு ஒரே நாளில் தள்ளிவிட்டுப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சனி இரவு, சென்னிமலை

கொடுமணல். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நாள்.

நொய்யலின் வடகரை. 1985-லிருந்து பலமுறை தோண்டப்பட்ட இடம். இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த பட்டறைகள், எழுத்துப் பொறித்த ஓடுகள். ஊரை ஒட்டிப் பழைய ஈமக்குழிகளைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கல்வட்டங்கள். ஊரார் பேச்சில் அவை பாண்டியன் குழி. கொங்கு நாட்டுக்காரர்கள் நிலத்தைக் காடு, தோட்டம், வயல் என்று பிரித்துத்தான் பேசுவார்கள். மானாவாரி நிலம் காடு, கிணறு இருந்தால் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல். "காட்டுக்குள்ள பாண்டியன் குழி இருக்குது" என்றால் புதருக்குள் தேடிப் போகக் கூடாது. சோளக்காட்டில் பார்க்க வேண்டும்.

கல்வட்டம் எங்கே தப்பித்தது, எங்கே அழிந்தது என்பதற்கு இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொன்னவர் ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர். அவருடைய கொறங்காட்டில்தான் மதியம் இருந்தோம். கொறங்காடு என்பது மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். ஆடுமாடு மேயும்; கலப்பை எப்போதாவதுதான் படும். அதனால் கல் போட்டது போட்டபடி கிடக்கிறது. பக்கத்துக் காட்டில் வருடா வருடம் உழவு. கலப்பையில் தட்டின கல்லையெல்லாம் பெயர்த்து வரப்பிலும் வேலியோரத்திலும் குவித்துவிட்டார்கள். ஆகவே கொறங்காட்டில் வட்டம் இருப்பதும் அடுத்த காட்டில் இல்லாததும் செத்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்பதை மட்டும் காட்டவில்லை. கலப்பை எங்கே போனது, எங்கே போகவில்லை என்பதையும் காட்டுகிறது. வேலியோரத்துக் கற்குவியலை ஒருமுறை சுற்றி வந்தால் பலகைக்கல் துண்டு கண்ணில் படும். எந்தக் காட்டிலிருந்து எடுத்துப் போட்டது என்று அந்த வீட்டுப் பாட்டியைக் கேட்டால் விரல் நீட்டிக் காட்டுவார்.

இரண்டு பக்கமும் வேலி போட்ட இட்டேரிப் பாதையில் நடக்கும்போது ஒரு பையன் வேலிக் கடவின் படலைத் திறந்து அப்படியே விட்டுவிட்டு வந்தான். ஐந்து நிமிடத்தில் நாலு எருமை வெளியே. பெரியவர் திட்டவில்லை. அதுவே அவனுக்குப் போதுமான தண்டனையாகிவிட்டது. நீ திறந்த படலை நீயே மூடு; மூடியிருந்தால் மூடியபடி, திறந்திருந்தால் திறந்தபடி விட்டுவிட்டுப் போ. தண்ணீருக்குப் போகிற வழியை அடைத்துவிடாதே.

அப்புறம் பயிர் வாட்டம். "இந்தக் காட்டுல எந்த எடம் மொதல்ல வாடும்ங்க?" என்று கேட்டேன். பெரியவர் யோசிக்கவே இல்லை. மூன்று இடம் காட்டினார். ஒன்று பாறை மேலே வந்த இடம், அவருக்கே தெரியும். மற்ற இரண்டுக்கும் காரணம் தெரியாது, "எங்கப்பன் காலத்துலயே அப்படித்தானுங்க" என்றார். இங்கிலாந்தில் 1976-லும் 2018-லும் கடும் வறட்சி வந்தபோது புதைந்த சுவருக்கு மேலே பயிர் முந்தி வெளுத்தும், பழைய அகழிக்கு மேலே பச்சையாக நின்றும் வானத்திலிருந்து கோடு கோடாகத் தெரிந்தன. இங்கே விமானம் தேவையில்லை. ஐம்பது வருடம் அதே காட்டைப் பார்த்தவரிடம் கேட்டால் போதும். எங்கே ஏர் கடகடக்கும், எங்கே சாம்பல் நிற மண் வரும், எங்கே கடலை நன்றாகக் காய்க்கும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் வரைபடமாக இருக்கிறது.

மோர் குடித்துக்கொண்டே குழி பற்றிப் பேச்சு வந்தது. அவருடைய சின்ன வயதில் சோளத்தை மண்ணுக்குள் குழி வெட்டிக் கொட்டி, வைக்கோல் போட்டு மண்ணால் மூடி வைப்பார்களாம். "ஓரத்துல கொஞ்சம் மொளச்சுப் போகும், பூசணம் புடிக்கும். நடுவுல இருக்கறது அப்படியே இருக்குமுங்க." தொல்லியலாளர் பீட்டர் ரெனால்ட்ஸ் 1972-இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் தொடங்கிய பட்சர் சோதனைப் பண்ணையில் இரும்புக்காலக் குழிகளைப் போலவே வெட்டி, தானியம் கொட்டிச் சோதித்துக் கண்டதும் இதைத்தான். ஓரத்துத் தானியம் முளைவிடும்போது உயிர்வளியை (ஆக்சிஜன்) குடித்துக் கரிவளியை (கார்பன் டை ஆக்சைடு) விடும். குழிக்குள் காற்று அப்படி மாறியதும் மற்றத் தானியம் உறங்கிப்போகும், பூச்சியும் சாகும். அதனால் ஓரத்தில் மட்டும் கருகிய முளைதானியம் ஒட்டியிருக்கும் குழியைக் கண்டால் உடனே குப்பைக் குழி என்று எழுதிவிடக் கூடாது. பெரியவர் ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: குழியைத் திறந்ததும் யாரும் இறங்க மாட்டார்களாம், முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி விடுவார்களாம். அணைந்தால் இறங்கக் கூடாது.

ஓடு கழுவுகிற தண்ணீருக்கு வருவோம். நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவு ஓடிய கதை தெரிந்ததுதான். 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாயத்தைத் தேக்கி வைத்தது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கரையோரக் கிணறுகளில் உப்பு இன்னும் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் பானை ஓட்டைக் கழுவிக் காய வைத்தால், ஈரம் போனபின் உப்பு உள்ளேயே உறைந்து மேல்பூச்சைப் பொரியாகப் பெயர்க்கும். அந்தப் பூச்சின்மேல்தான் எழுத்தோ குறியீடோ கீறியிருக்கும். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும் என்று எந்த வீட்டிலும் சொல்வார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரையே கேட்டு வாங்குங்கள்.

நிலம் கொடுக்கத் தயங்குவதற்கு என்ன காரணம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பெரியவர் சுற்றி வளைக்கவில்லை. "தோண்டி எதாச்சும் கெடச்சுதுன்னா காட்டை எடுத்துக்குவாங்கன்னு பயம்தானுங்க. ஊடு கட்ட உடமாட்டாங்கன்னும் சொல்றாங்க." அந்தப் பயத்தில் பாதி நிஜம். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னமாக அறிவித்தால், 2010-இல் வந்த திருத்தப்படி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ஆனால் ஆய்வுக்குழி போட்ட எல்லா நிலத்துக்கும் அப்படி அறிவிப்பு வருவதில்லை. இரண்டையும் சேர்த்து, நிலம் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். பாதியை மறைத்துக் கையெழுத்து வாங்கினால் அடுத்த ஊரில் ஒருவர்கூடக் கதவைத் திறக்க மாட்டார்.

பெரியவர் தன்னுடைய நிபந்தனைகளையும் அடுக்கினார், அவர் சொன்னபடியே தருகிறேன். "மேமண்ணத் தனியாக் குமிங்க, அடிமண்ணத் தனியாக் குமிங்க. மூடறப்ப அடிமண்ணு அடீல போகோணும். மாத்திப் போட்டா அஞ்சு வருசத்துக்கு ஒண்ணும் வெளையாது. ஆடிப்பட்டத்துக்கு முன்னால காட்டைக் குடுத்துப்போடுங்க. ஆணி ஒண்ணு கூட உட்டுப்போட்டுப் போகாதீங்க." கடைசியாகச் சொன்னதுதான் பிள்ளைகளுக்குப் புதிது. கட்டம் பிடிக்க அடிக்கும் ஆணியும் கம்பித்துண்டும் புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போகும். மாடு மென்று தின்பது அப்புறம்தான், முதலில் விழுங்கிவிடும். ஆணி இரைப்பையைக் குத்திக்கொண்டு நெஞ்சுவரை போய் மாடு சாகும். நைலான் கயிறும் பிளாஸ்டிக் அடையாளச் சீட்டும் அதே ரகம். குழி எண்ணை எழுதுகிற பதிவேட்டிலேயே எத்தனை ஆணி இறக்கினோம், எத்தனை பிடுங்கினோம் என்று ஒரு வரி எழுதச் சொன்னேன்.

ஞாயிறு மதியம், பழையகோட்டை

காங்கேயம் மாடுகளுக்கென்றே ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தை. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதை வேடிக்கை பார்க்கவே ஒரு மணி நேரம் போய்விட்டது.

வந்த காரியம் பல். தரகர் ஒருவர் மாட்டின் கீழுதட்டை இறக்கிக் காட்டினார். பால்பல் மட்டும் இருந்தால் "பல்லு போடாதது". இரண்டு, இரண்டரை வயதில் நடுவில் ஒரு ஜோடி பெரிய பல் வந்தால் "ரெண்டு பல்லு". அப்புறம் நாலு, ஆறு. நாலு, நாலரை வயதில் எட்டும் முளைத்துவிட்டால் "கடை சேர்ந்தது". அதற்கு மேல் தேய்மானத்தை வைத்துத்தான் வயது. தொல்விலங்கியலில் முன்பல்லை அதிகம் நம்ப முடியாது, தாடையிலிருந்து கழன்று மண்ணில் தொலைந்துபோகும். கடைவாய்ப்பல்லின் தேய்மானத்தைப் பார்ப்பார்கள். துருக்கியில் கிடைத்த ஆட்டுத்தாடைகளை வைத்து செபாஸ்டியன் பெய்ன் 1973-இல் வகுத்த முறை இன்றைக்கும் நடப்பில் இருக்கிறது. கிடாய்க்குட்டிகளை இளசிலேயே அடித்திருந்தால் பாலுக்கும் பெருக்கத்துக்கும் வைத்திருந்த மந்தை. கடை சேர்ந்து தேய்ந்த எருதுகள் நிறைய வந்தால் இழுவைக்கும் உழவுக்கும் வைத்திருந்தவை. பிள்ளைகள் பாடத்தில் படித்ததைத் தரகர் ஒரே வரியில் சொன்னார்: "வேலை செய்யற எருத்தை எவனும் எளசுல வெட்ட மாட்டானுங்க."

அப்புறம் கால். ஏரில் பூட்டும் ஜோடியில் ஒன்று இடத்து மாடு, ஒன்று வலத்து மாடு. பழகிவிட்டால் மாற்றிப் பூட்ட முடியாது. உழவுச் சாலுக்குள் நடக்கிற மாட்டுக்கும் மேட்டில் நடக்கிற மாட்டுக்கும் பாரம் ஒரே மாதிரி விழாது. பல வருடம் உழைத்த எருதின் குளம்பெலும்பு ஓரத்தில் விரிந்து, எலும்பு முண்டு முளைத்திருக்கும். தரகர் ஒரு கிழட்டு எருதின் முன்கால் கணுவைப் பிடித்து அழுத்திக் காட்டினார். அந்தப் பெண்ணும் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் வேறொரு இளங்காளையின் காலைத் தொடப் போனாள். பின்னாலிருந்து போனாள் என்று தரகர் ஒரு அதட்டு அதட்டினார். முன்பக்கமாக, மாட்டுக்குத் தெரிகிற மாதிரி, குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். தோளைத் தொட்டுவிட்டுத்தான் காலுக்குக் கையை இறக்க வேண்டும். அடுத்த தடவை அவள் அப்படியே செய்தாள், காளை நின்றது.

பிள்ளைகளை ஈரோடு பேருந்தில் ஏற்றிவிட்டேன். பேராசிரியர் அடங்கல் நகலுக்கு எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று படிக்கட்டில் நின்றபடியே கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு மூன்று மணிக்கு வண்டி. கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச நாளைக்குத்தான் முறை.